கணைய அழற்சியில் இரத்த ஓட்ட விசையும் வெள்ளையணுக்களும்

கணைய அழற்சி என்பது வயிற்றின் பின்புறம் அமைந்துள்ள கணையம் திடீரென வீங்கிப் புண்ணாகும் நோயாகும். கணையம் சுரக்கும் செரிமான நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்குவதால் இது உண்டாகிறது. ஆனால் நோய் சில நாட்களில் தணியுமா, உயிருக்கே ஆபத்தாகுமா என்பதை நொதிகள் மட்டும் முடிவு செய்வதில்லை. அங்கு வந்து சேரும் இரத்த வெள்ளையணுக்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அந்த வெள்ளையணுக்கள் எங்கே நிற்கும், எங்கே ஓட்டத்தோடு போய்விடும் என்பதை வேதிப்பொருட்களோடு சேர்ந்து, ஓடும் இரத்தம் செலுத்தும் விசையும் தீர்மானிக்கிறது. உயிரியலும் இயற்பியலும் சந்திக்கும் இந்த இடத்தை மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் விளங்கிக்கொள்ளும் வகையில் இக்கட்டுரை விளக்குகிறது.

கணையமும் அதன் அழற்சியும்

கணையம் ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள சுரப்பி. இன்சுலின் போன்ற ஹார்மோன்களை இரத்தத்திலும், செரிமான நீரை முன்சிறுகுடலிலும் சேர்க்கிறது. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்னும் நொதி, கணையத்திற்குள் இருக்கும்வரை டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவிலேயே இருக்கும். சிறுகுடலை அடைந்த பிறகே அது செயல்படத் தொடங்க வேண்டும். பித்தக்கல் கணைய நாளத்தின் வாயை அடைக்கும்போதோ, மது கணையச் செல்களைத் தாக்கும்போதோ இந்த ஒழுங்கு கெடுகிறது. டிரிப்சின் கணையத்திற்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது என்ற இக்கருத்தை 1896இல் ஹான்ஸ் கியாரி என்ற நோயியல் அறிஞர் முன்வைத்தார்.

நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு இது மிதமான நோயாக இருந்து ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடுகிறது. மற்றவர்களுக்குக் கணையத் திசு மடிந்துபோகலாம். நுரையீரல், சிறுநீரகம், இதயம் ஆகியவை செயலிழக்கலாம். 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு நோயை மிதமானது, நடுத்தரக் கடுமை உடையது, கடுமையானது என மூன்றாகப் பிரிக்கிறது. உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்திற்கு மேல் நீடித்தால் அது கடுமையான வகை. ஒரே காரணத்தால் வந்த நோய் ஒருவருக்குத் தணிந்து, இன்னொருவருக்குக் கடுமையாவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் நுண்ணிய இரத்த நாளங்களும் வெள்ளையணுக்களும் கவனத்திற்கு வருகின்றன.

ஓடும் இரத்தம் செலுத்தும் விசை

மயிலாடும்பாறை வழியே இறங்கும் மூல வைகையில் தண்ணீர் வரும் நாட்களில் கரையில் நின்று பார்த்தால், நடு ஆற்றில் நீர் விரைந்தும் கரையோரத்தில் மெதுவாகவும் போவதைக் காணலாம். கரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் ஏறக்குறைய நின்றே இருக்கிறது. அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் செல்கின்றன. இரத்த நாளத்திற்குள்ளும் இதே நிலைதான். அடுக்குகள் இப்படிச் சறுக்கும்போது நாளச் சுவரின் ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஓட்டத்தின் திசையில் செயல்படும் இழுவிசையையே சறுக்குப் பெயர்ச்சித் தகைவு என்கிறோம். இக்கட்டுரையில் இதைச் சுருக்கமாகச் சறுக்குத் தகைவு எனக் குறிப்போம்.

இரத்த அழுத்தம் வேறு, சறுக்குத் தகைவு வேறு. அழுத்தம் சுவரைச் செங்குத்தாக வெளியே தள்ளுகிறது. சறுக்குத் தகைவு சுவரைத் தடவிக்கொண்டு அதற்கு இணையாக இழுக்கிறது. இதன் அளவு மிகச் சிறியது. தமனிகளில் பொதுவாக 1 முதல் 7 பாஸ்கல் வரையிலும், சிரைகளில் 0.1 முதல் 0.6 பாஸ்கல் வரையிலும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க: நகல் எடுக்கப் பயன்படும் வெள்ளைத் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ளது. மேசைமேல் விரித்து வைத்த அத்தாள் மேசைக்குத் தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.8 பாஸ்கல். சிரையில் ஒரு செல் உணரும் இழுப்பு அதைவிடவும் குறைவு. எனினும் மைக்ரோமீட்டர் அளவிலான செல்லுக்கு இதுவே பெரிய செய்தி.

சறுக்குத் தகைவை மூன்று காரணிகள் மாற்றுகின்றன. இரத்தத்தின் பாகுநிலை கூடினால் தகைவு கூடும். ஒரு வினாடியில் பாயும் இரத்தத்தின் அளவு கூடினாலும் தகைவு கூடும். நாளத்தின் ஆரம் கூடினால் தகைவு அதன் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதாவது, பாயும் அளவு மாறாமல் ஆரம் மட்டும் பாதியானால் தகைவு 8 மடங்காகும். ஆரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும்.

வெள்ளையணு கரைசேரும் படிகள்

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோபில்கள். காயமோ அழற்சியோ ஏற்பட்ட இடத்திற்கு முதலில் விரைபவை இவையே. வெள்ளையணுக்கள் நாளச் சுவரைத் துளைத்து வெளியேறுவதை 1867இல் யூலியுஸ் கோன்ஹைம் தவளையின் குடல்தாங்கிச் சவ்வில் நுண்ணோக்கி வழியே கண்டு விவரித்தார். அந்த வெளியேற்றம் பெரும்பாலும் தந்துகிகளை அடுத்துள்ள நுண்சிரைகளில்தான் நடக்கிறது. அது படிப்படியாக நிகழ்கிறது.

1. ஓரம் ஒதுங்குதல். சிவப்பணுக்கள் நாளத்தின் மையத்தை நோக்கித் திரளும் இயல்புடையவை. அவை நடுவில் கூட்டமாகச் செல்லும்போது உருவில் பெரிய வெள்ளையணுக்கள் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றன. ஓட்டம் மெதுவாகும்போது சிவப்பணுக்கள் நாணய அடுக்குப்போல ஒட்டிக்கொள்வதால் இந்தத் தள்ளல் இன்னும் கூடுகிறது.

2. உருளுதல். அழற்சியால் தூண்டப்பட்ட நாளத்தின் உட்சுவர்ச் செல்கள் செலக்டின் என்னும் புரதங்களை வெளியே நீட்டுகின்றன. வெள்ளையணு அவற்றைப் பற்றுவதும் விடுவதுமாகச் சுவரோரம் உருள்கிறது. பக்கத்தில் இரத்தம் விரைந்து ஓடும்போது, உருளும் அணு வினாடிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர் அளவே நகர்கிறது.

3. உறுதியாக ஒட்டுதல். உருளும்போது சுவரிலிருந்து கிடைக்கும் வேதிச் செய்திகள், வெள்ளையணுவின் மேலுள்ள இன்டெக்ரின் என்னும் புரதங்களை விழிக்கச் செய்கின்றன. அவை சுவரிலுள்ள ஐகாம்-1 என்ற புரதத்தைப் பற்றியதும் அணு நின்றுவிடுகிறது.

4. வெளியேறுதல். நின்ற அணு தட்டையாகி, பொய்க்கால்களை நீட்டி, செல்களின் இடுக்கு வழியே திசுவிற்குள் நுழைகிறது.

உருளுவதற்குச் செலக்டினும் நிற்பதற்கு இன்டெக்ரினும் தேவை என்பதை 1991இல் லாரன்ஸ், ஸ்பிரிங்கர் ஆகியோர் செயற்கையான ஓட்டக் கலத்தில் தெளிவாகக் காட்டினர்.

இழுத்தால் இறுகும் பிணைப்பு

விசை கூடினால் பிடி விட்டுப்போகும் என்றுதான் நாம் எண்ணுவோம். செலக்டின் பிணைப்பில் நிலைமை வேறு. எல்-செலக்டின் வழியாக உருளும் வெள்ளையணுக்கள், ஓட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்தால் பிடியை விட்டுவிடுகின்றன என்பது 1996இல் அறியப்பட்டது. 2003இல் தனிப் பிணைப்புகளை இழுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், பி-செலக்டின் பிணைப்பு ஓரளவு விசை வரை இழுக்க இழுக்க நீண்ட நேரம் தாங்குவதையும், அதற்கு மேல் விசை கூடினால் விரைவில் அறுபடுவதையும் கண்டனர். வாளியில் கட்டிய சுருக்குக் கயிறு இழுக்கும்போது இறுகி, தளர்த்தினால் நெகிழ்வதைப்போல இது நடக்கிறது. ஆகவே வெள்ளையணு உருள்வதற்கு ஓட்டம் மிக வேகமாகவும் இருக்கக்கூடாது, மிக மெதுவாகவும் இருக்கக்கூடாது.

ஓட்டமே தரும் கட்டுப்பாடு

நலமாக உள்ள உடலில் சீரான ஓட்டம் அழற்சியைத் தடுக்கும் ஆற்றலும் கொண்டது. இது இரு வழிகளில் நடக்கிறது.

முதலாவது நாளச் சுவரின் வழியே. உட்சுவர்ச் செல்கள் சீரான சறுக்குத் தகைவை உணரும்போது நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அது நாளத்தைத் தளர்த்துவதோடு வெள்ளையணு ஒட்டுவதையும் குறைக்கிறது. ஓட்டம் நின்றாலோ தாறுமாறானாலோ அச்செல்கள் ஐகாம்-1 போன்ற ஒட்டும் புரதங்களை மிகுதியாக வெளிக்காட்டுகின்றன.

இரண்டாவது வெள்ளையணுவின் வழியே. 1997இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஷ்மிட்-ஷோன்பைன் குழுவினர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். நீட்டிய பொய்க்கால்களுடன் இருக்கும் வெள்ளையணுவின்மீது நுண்குழாய் வழியே மெல்லிய திரவ ஓட்டத்தைச் செலுத்தினால், அது பொய்க்கால்களை உள்ளிழுத்து உருண்டையாகிவிடுகிறது. ஓட்டத்தை உணரும் நியூட்ரோபில்கள் தம் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரினின் ஒரு பகுதியான சிடி18 என்ற புரதத்தையும் வெட்டி உதிர்க்கின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இதனால் அணு ஒட்டும் திறனை இழந்து ஓட்டத்தோடு செல்கிறது. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்கள் மிகுந்திருக்கும்போது இந்தப் பணிவு மறைந்துவிடுகிறது. ஓட்டம் தடவினாலும் அணு பொய்க்கால்களை மடக்குவதில்லை.

வகுப்பறை உவமையில் சொன்னால், ஆசிரியர் நடமாடிக்கொண்டிருக்கும்வரை மாணவர்கள் இடத்தில் அமைதியாக இருப்பார்கள். நடமாட்டம் குறைந்தாலும் கூச்சல் எழும்; வெளியே பெருஞ்சத்தம் கேட்டால் ஆசிரியர் இருந்தும் எழுந்து ஓடுவார்கள். கணைய அழற்சியில் இவை இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

கணைய அழற்சியில் மாறுவது என்ன?

கணையம் சிறு சிறு நுண்மடல்களால் ஆனது. மடலுக்குள் நுழையும் நுண்தமனிகளுக்கு ஒன்றோடொன்று இணைப்பு மிகக் குறைவு. கடைமடை வயலுக்கு ஒரே வாய்க்கால் இருப்பதுபோல, அந்த நுண்தமனி சுருங்கினால் மாற்று வழியில் இரத்தம் வருவது கடினம். எலிகளில் உயிருள்ள கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகள் கீழ்க்காணும் தொடர் நிகழ்வுகளைக் காட்டியுள்ளன.

காயமுற்ற கணையச் செல்கள் வெளியிடும் பொருட்களால் நுண்தமனிகள் சுருங்குகின்றன. நுண்சிரைகளின் சுவர் கசியத் தொடங்குகிறது. பிளாஸ்மா வெளியே ஒழுகுவதால் உள்ளே சிவப்பணுக்களின் விகிதம் கூடி இரத்தம் தடிக்கிறது. தடித்த இரத்தம் மெதுவாக ஓடுகிறது. சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டு, வெள்ளையணுக்கள் ஓரம் ஒதுங்குகின்றன. அங்கே தூண்டப்பட்ட சுவர் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஒட்டிய அணுக்கள் நுண்சிரையைக் குறுக்குகின்றன. அதனால் பின்னாலுள்ள தந்துகிகளில் அழுத்தம் ஏறி இன்னும் பிளாஸ்மா கசிகிறது. இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழற்சி உருவாகிறது.

இங்கே மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். நாளம் குறுகினால் சறுக்குத் தகைவு கூட வேண்டுமே, அது அணுக்களைப் பெயர்த்துவிடாதா? பாயும் அளவு மாறாமல் இருந்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் ஒரு நுண்சிரை குறுகும்போது தடை கூடுவதால் இரத்தம் திறந்துள்ள வேறு கிளைகளுக்குத் திரும்பிவிடுகிறது. குறுகிய நாளத்தில் பாயும் அளவே வீழ்கிறது. மடைவாயில் குப்பை அடைத்தால் தண்ணீர் வேறு மடைக்குத் திரும்பிவிடுவதைப் போன்றது இது.

வெளியேறிய நியூட்ரோபில்கள் ஆக்சிஜன் சார்ந்த வீரியமிக்க மூலக்கூறுகளையும் புரதம் அரிக்கும் நொதிகளையும் கொட்டுகின்றன. அவை டிரிப்சினோஜன் மேலும் விழிக்கத் துணைபோகின்றன என்று 2002இல் விலங்குச் சோதனைகள் காட்டின. நியூட்ரோபில்கள் தம் டிஎன்ஏ இழைகளை வலைபோல வெளியே வீசும் வழக்கமும் உண்டு. அந்த வலைத்திரள்கள் கணைய நாளங்களை அடைத்து நோயைத் தூண்டக்கூடும் என்று 2016இல் எலிகளில் கண்டறியப்பட்டது. நியூட்ரோபில்களைக் குறைத்தாலோ ஐகாம்-1 இல்லாமல் செய்தாலோ எலிகளுக்கு நோயின் கடுமை குறைகிறது.

நுரையீரல் ஏன் பாதிக்கப்படுகிறது?

கடுமையான கணைய அழற்சியில் முதல் வாரத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உறுப்புச் செயலிழப்பு. அதில் நுரையீரல் முன்னிலை வகிக்கிறது. வயிற்றில் வந்த நோய்க்கு மூச்சுத் திணறுவது ஏன் என்பதையும் இயந்திரவியல் கொண்டு விளக்கலாம்.

நுரையீரல் தந்துகிகள் பல இடங்களில் நியூட்ரோபிலைவிடக் குறுகலானவை. அமைதியான நியூட்ரோபில் மென்மையானது. நீண்டு நெளிந்து நுழைந்துவிடும். அழற்சிச் செய்தி பெற்ற நியூட்ரோபிலின் உட்கட்டமைப்பு இழைகள் இறுகி, அணு விறைத்துவிடுகிறது. விறைத்த அணு குறுகிய வழியில் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய இடத்தில் அது கொட்டும் பொருட்களால் தந்துகிச் சுவர் கசிந்து, காற்றறைகளில் நீர் கோக்கிறது. கணையத்திலிருந்து புறப்படும் செய்தி உடல் முழுவதும் பரவுவதால் இத்தகைய சிக்கல் மற்ற உறுப்புகளிலும் நேரலாம்.

செல்லுக்குள் ஒரு விசை உணரி

ஓட்டத்தையும் அழுத்தத்தையும் செல்கள் உணர்வதற்கு உதவும் பியசோ1 என்னும் அயனி வாயிலை ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர் 2010இல் கண்டறிந்தனர். இவ்வகைக் கண்டுபிடிப்புகளுக்காக அவருக்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இதே வாயில் கணையச் செல்களிலும் உள்ளது. நாளத்தில் அழுத்தம் ஏறும்போது அது திறந்து, கால்சியத்தை உள்ளே விட்டு, அழற்சியைத் தொடங்கிவைக்கிறது என்று 2018இல் எலிகளில் காட்டப்பட்டது. பித்தக்கல் அடைப்பு ஏன் இவ்வளவு விரைவில் நோயாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது ஒரு திறவுகோல்.

மருத்துவத்தில் இதன் பொருள்

சிவப்பணுக்களின் விகிதம் 44 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதும், சிகிச்சைக்குப் பிறகும் குறையாதிருப்பதும் கணைய அழற்சியில் எச்சரிக்கைக் குறிகளாகக் கொள்ளப்படுகின்றன. இரத்தம் தடித்திருப்பதன் எளிய அளவுகோல் அது. நாளத்தின் வழியே திரவம் ஏற்றுவது சிகிச்சையின் முதல் படியாக இருப்பதற்கும் இதுவே அடிப்படை. திரவம் ஏறினால் பாகுநிலை குறையும், ஓட்டம் மீளும்.

அப்படியென்றால் எவ்வளவு கூடுதலாக ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லதா? நீண்டகாலம் அப்படித்தான் கருதப்பட்டது. இந்தியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 249 நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளிவந்த 'வாட்டர்ஃபால்' ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 3 மி.லி. வீதமும், மறு பிரிவினருக்கு 1.5 மி.லி. வீதமும் திரவம் ஏற்றப்பட்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது மணிக்கு 180 மி.லி., 90 மி.லி. என்று வரும். கூடுதலாக ஏற்றியதால் நோயின் கடுமை குறையவில்லை. ஆனால் உடலில் திரவம் மிகையாகிப்போனவர்கள் முதல் பிரிவில் 20.5 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 6.3 விழுக்காடு. பாதுகாப்புக் கருதி ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. கசியும் வாய்க்காலில் மிகுதியாகத் தண்ணீர் விட்டால் அது வயலுக்குப் போகாமல் வரப்பில் தேங்குவதை அறிந்தவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது. இன்று அளவோடு ஏற்றி, அடிக்கடி சோதித்து மாற்றும் முறையே விரும்பப்படுகிறது.

வெள்ளையணுக்களையே மருந்தால் தடுக்க முடியுமா என்ற முயற்சியும் நடந்தது. அவற்றைத் தூண்டும் ஒரு பொருளைத் தடுக்கும் லெக்சிபஃபாண்ட் என்ற மருந்து ஆரம்பக் கட்டத்தில் நம்பிக்கை தந்தது. எனினும் 2001இல் வெளியான பெரிய ஆய்வில் அது உறுப்புச் செயலிழப்பைக் குறைக்கவில்லை. நோயாளி மருத்துவமனையை அடையும்போது வெள்ளையணுக்கள் பெரும்பாலும் ஒட்டி முடித்திருக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. மேலும், கிருமிகளை எதிர்க்க அதே அணுக்கள்தான் தேவை. அவற்றை முழுவதும் முடக்குவதும் ஆபத்தே.

தென்னிந்தியாவும் கணைய நோயும்

கம்பம் பள்ளத்தாக்கை அடுத்துள்ள கேரளத்தில், இளம் வயதிலேயே வயிற்றுவலி, கணையத்தில் கற்கள், பின்னர் நீரிழிவு என வளரும் ஒருவகை நாட்பட்ட கணைய அழற்சியை மருத்துவர் கீவர்கீஸ் 1960களில் விரிவாக ஆராய்ந்தார். தமிழ்நாட்டிலும் இந்நோய் காணப்படுகிறது. டிரிப்சினைக் கட்டுப்படுத்தும் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்று இந்திய நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் 2002இல் தெரிவித்தன. மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்ற பழைய கருத்து நிறுவப்படவில்லை.

திடீர்க் கணைய அழற்சிக்குப் பித்தக்கல்லும் மதுவுமே முதன்மைக் காரணங்கள். வேளாண் பகுதிகளில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி நஞ்சு உடலில் சேர்ந்தாலும் கணையம் மிகையாகத் தூண்டப்பட்டு அழற்சி வரலாம்.

எப்போது மருத்துவமனைக்குச் செல்வது?

மேல்வயிற்றில் திடீரென எழுந்து முதுகுக்குப் பாயும் கடும் வலி, தொடர் வாந்தி, குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணிவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். நம் ஊர்களில் இதை வாயுப் பிடிப்பு என்று எண்ணி, சோடாவும் ஓமத்தண்ணீரும் குடித்து ஓர் இரவைக் கடத்திவிடுவோர் பலர். மேலே கண்ட சுழற்சி முற்றுவது அந்த மணிநேரங்களில்தான். வலியின் தன்மை, இரத்தத்தில் அமிலேஸ் அல்லது லைப்பேஸ் நொதி இயல்பின் மேல் எல்லையைப்போல 3 மடங்குக்கு மேல் இருத்தல், ஸ்கேன் படம் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் நோய் உறுதியாகிறது. இச்சோதனைகளுக்கு வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் செல்வதே நல்லது. வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு பகுதியினருக்கு ஆண்டிபட்டியை அடுத்த க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இக்கட்டுரை பாடம் விளக்குவதற்கானது. மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று ஆகாது.

சுருக்கம்

* ஓடும் இரத்தம் நாளச் சுவரின்மீதும் வெள்ளையணுவின்மீதும் சறுக்குத் தகைவைச் செலுத்துகிறது.
* அளவான தகைவு வெள்ளையணு உருள உதவுகிறது. சீரான ஓட்டம் அது வீணாக ஒட்டாமலும் காக்கிறது.
* கணைய அழற்சியில் நுண்தமனி சுருங்கி, பிளாஸ்மா கசிந்து, இரத்தம் தடித்து, ஓட்டம் குன்றுகிறது. வெள்ளையணுக்கள் ஓட்டத்தின் சொல்லைக் கேட்பதில்லை.
* விறைத்த நியூட்ரோபில்கள் நுரையீரல் தந்துகிகளில் சிக்குவது மூச்சுத் திணறலுக்கு வழிவகுக்கிறது.
* திரவ சிகிச்சை ஓட்டத்தை மீட்கிறது; ஆயினும் அளவு மீறினால் தீங்கு செய்கிறது.